ஒரு மில்லிமீட்டர் விரிசலும் 55 மீட்டர் அலையும்

கிருஷ்ணகிரிக்கு அருகே ஒரு கல்குவாரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட் செய்யும் சிவில் மாணவர் கேட்டிருக்கிறார்: "குவாரி முகப்பில் தெரியும் விரிசல்களின் திறப்பு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. வெடியில் கிளம்பும் அலையின் நீளமோ ஐம்பது மீட்டர். இத்தனை பெரிய அலைக்கு இத்தனை மெல்லிய விரிசல் எப்படித் தட்டுப்படும்? இதைக் கணக்காக எழுதுவது எப்படி? அந்தக் கணக்கை வைத்து எங்கள் நிலத்தில் போர் (ஆழ்துளைக் கிணறு) போட இடம் சொல்ல முடியுமா?"

மூன்றாவது கேள்வியின் அவசரம் எனக்குப் புரிகிறது. ஆயிரம் அடி இறக்கியும் வெறும் புகை மட்டுமே வந்த போர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஊருக்கு ஊர் உண்டு. ஆனால் முதல் இரண்டையும் ஒழுங்காகப் பார்க்காமல் மூன்றாவதற்குத் தாவினால் வரும் பதில் பெரும்பாலும் தலைகீழாக இருக்கும். அதனால் வரிசையாகவே போகிறேன்.

நம் பாறையைப் பற்றி முதலில். இங்கே அடியில் இருப்பது நைஸ், கிரானைட், தெற்கே தர்மபுரிப் பக்கம் போகப்போகச் சார்னோகைட். சுமார் 250 கோடி ஆண்டு வயதானவை. இவற்றை ஊடறுத்து ஓடும் டோலரைட் டைக்குகளை, அதாவது பழைய பாறையின் பிளவுகளில் உருகி ஏறி இறுகிய கரும்பாறைச் சுவர்களைத்தான் கறுப்பு கிரானைட் என்று வெட்டி எடுக்கிறார்கள். மணற்கல்லில் இருப்பதுபோல் மணிகளுக்கு நடுவே துளைகள் இவற்றில் கிடையாது. தண்ணீர் நிற்க இடம் இரண்டே: மேலே சிதைந்து மக்கிய பாறை, கீழே விரிசல்கள். ஆகவே நம் ஊரில் விரிசலைப் படிப்பதும் தண்ணீரைப் படிப்பதும் ஏறக்குறைய ஒரே வேலை.

விரிசல் இல்லாத திடப் பாறையில் அலையின் கணக்கு எளிது. தகைவும் (ஓரலகுப் பரப்பின் மேல் வரும் விசை) திரிபும் (அதனால் நீளம் மாறும் விகிதம்) நேர்விகிதம் என்ற ஹூக் விதியையும் நியூட்டனின் இரண்டாம் விதியையும் சேர்த்தால் அலைச்சமன்பாடு வந்துவிடும். அதிலிருந்து இரண்டு அலைகள் பிறக்கின்றன. துகள்கள் முன்னும் பின்னும் ஆடும் நெட்டலை, பக்கவாட்டில் ஆடும் குறுக்கலை. வேகம் என்பது அந்தந்த அலைக்குரிய மீட்சிக் குணகத்தை அடர்த்தியால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். நல்ல கிரானைட்டுக்கு நெட்டலை வேகம் வினாடிக்கு 5,500 மீட்டர், குறுக்கலை 3,200 மீட்டர், அடர்த்தி கனமீட்டருக்கு 2,700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 55 மீட்டர். மாணவர் சொன்ன முரண் இங்கேதான் எழுகிறது.

விரிசலை அகலம் உள்ள ஒரு மெல்லிய அடுக்காக நினைக்கும்வரை இந்த முரண் தீராது. உண்மையில் விரிசலின் இரண்டு முகங்களும் கரடுமுரடானவை. அங்கங்கே முட்டிக்கொண்டும் மற்ற இடங்களில் விலகியும் நிற்கின்றன. அலை வந்து அழுத்தும்போது அந்த முட்டும் புள்ளிகள் மட்டுமே பாரத்தைத் தாங்குகின்றன. அதனால் சுற்றியுள்ள திடப் பாறையைவிட அந்த இடம் மிகமிக எளிதாக அமுங்குகிறது. அலைக்குத் தெரிவது இந்த அமுங்கும் தன்மைதான். திறப்பின் அகலம் அதற்கு நேராகத் தெரிவதில்லை.

இதைக் கணக்காக எழுதும் வழியை மைக்கேல் ஷோன்பெர்க் 1980இல் தெளிவாக வகுத்தார். விரிசலைத் தடிமன் இல்லாத ஒரு பரப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் இரு பக்கமும் தகைவு ஒன்றே. இடப்பெயர்ச்சி மட்டும் ஒன்றல்ல, அது தாவுகிறது. அந்தத் தாவலின் அளவு, தகைவை விரிசலின் விறைப்பால் வகுத்தால் கிடைப்பது. இந்த ஒரே எல்லை நிபந்தனைதான் இத்துறையின் அடித்தளம். விறைப்பிலும் இரண்டு வகை உண்டு: முகங்களைச் சேர்த்து அழுத்துவதற்கு எதிரான செங்குத்து விறைப்பு, முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று நழுவுவதற்கு எதிரான நழுவல் விறைப்பு.

ஒரு விரிசலின் செங்குத்து விறைப்பு மீட்டருக்கு 100 கிகாபாஸ்கல் என்று வையுங்கள். மேலோட்டமான ஆழத்தில் ஓரளவு இறுகிய விரிசலுக்கு இது பொருந்தும் அளவு. 1 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுத்தால் இந்த விரிசல் 0.01 மில்லிமீட்டர் மூடிக்கொள்ளும். பெரிதாகத் தோன்றவில்லை. ஆனால் நம் கிரானைட்டின் நெட்டலைக் குணகம் சுமார் 82 கிகாபாஸ்கல். அதே அழுத்தத்தில் அதே 0.01 மில்லிமீட்டர் அமுங்க வேண்டுமானால் 82 சென்டிமீட்டர் தடிமனுள்ள திடப் பாறை வேண்டும்! ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான திறப்பு, அலையின் பார்வையில் முக்கால் மீட்டருக்கும் கூடுதலான பாறைக்குச் சமமாக அமுங்கிக்கொடுக்கிறது. முதல் கேள்விக்குப் பதில் இதுதான். மாணவர் தன் நோட்டில் திறப்பின் அகலத்தை எழுதும் இடத்தில் இந்த எண்ணை எழுதிக்கொள்ளட்டும்.

இனி அந்த விரிசலின் மேல் ஒரு நெட்டலை நேராக மோதுகிறது. ஒரு பங்கு திரும்புகிறது, ஒரு பங்கு கடக்கிறது. மேலே சொன்ன நிபந்தனையைப் போட்டு இரண்டு வரியில் தீர்த்தால் வருவது: கடக்கும் வீச்சின் விகிதம் = 1 ÷ √(1 + (அதிர்வெண் ÷ வெட்டு அதிர்வெண்)²). வெட்டு அதிர்வெண் என்பது விறைப்பைப் 'பை' மடங்கு இம்பீடன்ஸால் வகுத்தது. இம்பீடன்ஸ் என்பது அடர்த்தியையும் வேகத்தையும் பெருக்கியது. நம் எண்களுக்கு வெட்டு அதிர்வெண் சுமார் 2,100 ஹெர்ட்ஸ். அதாவது 50 ஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய முழுதாகக் கடந்துவிடும். 2,100இல் வீச்சு 71 சதவீதமாகும். கான்கிரீட்டைச் சோதிக்கப் பயன்படுத்தும் 54 கிலோஹெர்ட்ஸ் அல்ட்ராசானிக் கருவியை அதே விரிசலின் குறுக்கே வைத்தால் 4 சதவீதம்தான் அந்தப்பக்கம் போய்ச் சேரும். ஒரே விரிசல், ஒரே பாறை. ஒரு அலைக்கு அது இல்லவே இல்லை, இன்னொன்றுக்கு அது சுவர்.

இதில் உராய்வோ வெப்பமோ எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடந்த வீச்சின் வர்க்கத்தையும் திரும்பிய வீச்சின் வர்க்கத்தையும் கூட்டினால் 1 வரும். ஆற்றல் எங்கும் தொலையவில்லை, பிரிந்திருக்கிறது. ஆனால் அந்தப்பக்கம் ஜியோபோன் (நில அதிர்வை உணரும் கருவி) வைத்திருப்பவருக்கு உயர் அதிர்வெண்கள் உறிஞ்சப்பட்டுவிட்டதாகத்தான் தோன்றும். லாரா பைராக்-நோல்டேயும் சகாக்களும் 1990இல் இயற்கை விரிசல் உள்ள பாறை மாதிரிகளில் ஆய்வகத்தில் அளந்து, இந்த எளிய மாதிரி அளவீட்டுடன் நன்றாகப் பொருந்துவதைக் காட்டினார்கள். பர்கூர், ஜெகதேவிப் பக்கக் குவாரிகளில் கட்டிங்குக்குப் போகும் கல்லைச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்பார்களே, கணீரென்றால் முழுக்கல், மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல் என்று, அந்தக் கேள்விஞானத்துக்குப் பின்னால் இருப்பதும் விறைப்பு குறைவதன் விளைவுதான்.

ஒரு விரிசல் மட்டும் என்றால் வேலை இத்தோடு முடிந்திருக்கும். மீட்டருக்கு ஒன்று வீதம் வரிசையாக இருந்தால்? இங்கேதான் மாணவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு விரிசலும் அலையைச் சற்றுத் தாமதப்படுத்துகிறது. குறைந்த அதிர்வெண்ணில் அந்தத் தாமதம் இம்பீடன்ஸை இருமடங்கு விறைப்பால் வகுத்தது. நம் எண்களுக்கு 74 மைக்ரோ வினாடி. 10 மீட்டர் திடப் பாறையைக் கடக்க 1.82 மில்லிவினாடி. பத்து விரிசல்களின் தாமதத்தைக் கூட்டினால் 2.56. வேகம் வினாடிக்கு 3,900 மீட்டராகிறது. இன்னொரு வழியும் உண்டு. விரிசலும் பாறையும் சேர்ந்து எவ்வளவு அமுங்குகின்றன என்று சராசரி எடுத்து, அதற்குரிய ஒரே குணகத்தைக் கண்டுபிடித்து, அதிலிருந்து வேகம் எடுப்பது. அப்படிச் செய்தால் 4,080 வருகிறது. இரண்டில் எது சரி?

அலைநீளத்தைவிட விரிசல்களின் இடைவெளி மிகச் சிறியதாக இருக்கும்போது இரண்டாவதுதான் சரி. முதல் கணக்கு விட்டுவிட்டது, விரிசல்களுக்கு நடுவே முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி ஓடும் அலைகளை. அவை ஒன்றுசேர்ந்து முன்செல்லும் அலைக்கு வலுச் சேர்க்கின்றன. இதே காரணத்தால், ஒரு விரிசலின் கடப்பு விகிதத்தை நூறு தடவை பெருக்கி "நூறு விரிசலுக்குப் பின் இவ்வளவுதான் மிஞ்சும்" என்று முடிவுகட்டுவதும் நெருக்கமான விரிசல்களில் பிசகும். இழப்பே இல்லாத, சம இடைவெளியுள்ள விரிசல் வரிசையில் நீண்ட அலைகள் வீச்சு குறையாமல் போய்க்கொண்டே இருக்கும், மெதுவாக மட்டும் போகும். பெருக்கல் முறை இடைவெளி அலைநீளத்துக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கும்போதுதான் நம்பத்தக்கது. நடுவில் உள்ள நிலைமைக்கு ஒவ்வொரு விரிசலுக்கும் ஒரு 2×2 அணி, ஒவ்வொரு பாறைத் துண்டுக்கும் ஒரு 2×2 அணி எழுதி வரிசையாகப் பெருக்குங்கள். திரும்பி ஓடும் அலைகள் எல்லாம் தாமாகவே உள்ளே வந்துவிடும். ப்ராஜெக்டின் முதல் புரோகிராம் இதுவாக இருக்கட்டும். நூறு வரிகூட ஆகாது.

வரிசையான விரிசல்களுக்கு இன்னொரு குணம் உண்டு. குறுக்கே போகும் நெட்டலை 4,080இல் போகும்போது, விரிசல்களுக்கு இணையாகப் போகும் நெட்டலை கிட்டத்தட்ட 5,500இலேயே போகும். பாறை திசைக்குத் திசை வேறாகிவிடுகிறது. குறுக்கலை இன்னும் சுவாரசியமானது: சாய்ந்த திசையில் ஆடினால், விரிசலுக்கு இணையாக ஆடும் வேகமான பங்கு, குறுக்காக ஆடும் மெதுவான பங்கு என்று இரண்டாகப் பிரிந்து தனித்தனியே வந்து சேரும். குவாரி முகப்பில் டேப் பிடித்து விரிசல்களின் திசையையும் இடைவெளியையும் குறித்துவைத்தவருக்கு, எந்தத் திசையில் அலை மெதுவாகும் என்று முன்கூட்டியே சொல்ல முடியும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலை போன்ற மொட்டைப் பாறைகளில் மேற்பரப்புக்கு இணையாக உரிந்து நிற்கும் படுக்கை விரிசல்களை மறக்க வேண்டாம். நேர் கீழே இறங்கும் அலை அவற்றைத்தான் குறுக்கே கடக்கிறது.

ஆழம் போகப்போக விரிசல் இறுகுகிறது. 100 மீட்டர் ஆழத்தில் மேலிருக்கும் பாறையின் பாரம் சுமார் 2.6 மெகாபாஸ்கல். பாண்டிஸும் சகாக்களும் 1983இல் காட்டியபடி விரிசல் மூடுவது அதிபரவளைய வடிவில் நடக்கிறது: முதலில் எளிதாக, பிறகு கடினமாக, ஒரு கட்டத்துக்குமேல் அசைவே இல்லை. ஒரே விறைப்பை எல்லா ஆழத்துக்கும் போடுவது அதனால் தவறு. ஆய்வகத்தில் கைக்கடக்கமான மாதிரியில் அளந்த விறைப்பை அப்படியே களத்துக்குக் கொண்டுபோவதும் தவறு. பெரிய விரிசல்கள் சிறியவற்றைவிட எளிதாக அமுங்குபவை.

இப்போது தண்ணீர். இதுவரை வறண்ட விரிசலைத்தான் பேசினோம். அரை மில்லிமீட்டர் திறப்பில் தண்ணீர் நிறைந்து, அலை கடக்கும் நேரத்துக்குள் அது வழிந்து ஓட இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரின் கனக் குணகம் 2.2 கிகாபாஸ்கல். அதை அரை மில்லிமீட்டரால் வகுத்தால் அந்தத் தண்ணீர்ப் படலத்தின் விறைப்பு மீட்டருக்கு 4,400 கிகாபாஸ்கல். வறண்ட விரிசலின் 100 எங்கே, இது எங்கே! மீட்டருக்கு ஒரு விரிசல் என்ற அதே பாறையில் நெட்டலை வேகம் 4,080இலிருந்து 5,450க்கு ஏறிவிடும். திடப் பாறையிலிருந்து பிரித்தறிய முடியாத அளவு.

குறுக்கலைக்கு இந்த மாற்றம் எதுவும் தெரியாது. நழுவுவதைத் தண்ணீர் தடுப்பதில்லை. நழுவல் விறைப்பு மீட்டருக்கு 50 கிகாபாஸ்கல் என்றால் குறுக்கலை வேகம் 3,200இலிருந்து 2,570க்கு இறங்கும். வறண்டிருந்தாலும் நனைந்திருந்தாலும் அதே 2,570. நெட்டலை வேகத்தைக் குறுக்கலை வேகத்தால் வகுத்துப் பாருங்கள். திடப் பாறைக்கு 1.72. வறண்ட விரிசல் பாறைக்கு 1.59. தண்ணீர் நிறைந்ததற்கு 2.12. களத்தில் இவ்வளவு பெரிய வித்தியாசம் பெரும்பாலும் கிடைக்காது. விரிசல்கள் ஒன்றோடொன்று தொடர்பில் இருந்தால் மெதுவான அலையில் தண்ணீர் நகர்ந்து கொடுத்துவிடும், எண்கள் இடையில் எங்கோ நிற்கும். ஆனால் மாறும் திசை இதுதான்.

இதனால்தான் தலைகீழ் பதில் என்று தொடக்கத்தில் சொன்னேன். "வேகம் குறைந்த இடத்தில் விரிசல், விரிசல் இருக்கும் இடத்தில் தண்ணீர்" என்று நெட்டலை வேகத்தை மட்டும் வைத்து இடம் குறித்தால், வறண்ட விரிசலைத்தான் தேர்ந்தெடுக்க வாய்ப்பு அதிகம். களிமண் அடைத்த விரிசலும் அதே முகத்தைக் காட்டும். ஒரு குடும்பம் கடன் வாங்கி இறக்கும் போர் அது. குறுக்கலையை அளக்காமல் தண்ணீரைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குறுக்கலை எழுப்புவது பெரிய காரியமும் அல்ல: கனமான ஒரு பலகையை நிலத்தில் அழுத்திப் பிடித்து, அதன் முனையில் சம்மட்டியால் பக்கவாட்டில் அடித்தால் போதும். அதைப் பதிவுசெய்யக் கிடைமட்ட ஜியோபோன்கள் வேண்டும், அவ்வளவுதான்.

கணினி மாதிரிக்கு வருகிறேன். இரு பரிமாணத்தில் ழான் விரியூ 1986இல் வெளியிட்ட முறை இன்றும் நல்ல தொடக்கம். பாறையைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, திசைவேகத்தையும் தகைவையும் அரைக் கட்டம் தள்ளித் தள்ளி வைத்து நேரத்தில் முன்னேறும் வரையறு வேறுபாட்டு முறை அது. மிகக் குறைந்த அலைநீளத்துக்குப் பத்துப் புள்ளி வேண்டும். மக்கிய மேலடுக்கில் குறுக்கலை வேகம் 600 என்றால் 100 ஹெர்ட்ஸில் அலைநீளம் 6 மீட்டர், கட்டம் 0.6 மீட்டர். 200 மீட்டர் நீளம், 100 மீட்டர் ஆழத்துக்கு ஏறக்குறைய 56,000 கட்டங்கள். ஒரு தடவை முன்னேறும் நேரப்படி 77 மைக்ரோ வினாடிக்குமேல் போகக் கூடாது, போனால் விடை வெடித்துச் சிதறும். சாதாரண லேப்டாப்புக்கு இது சுமையே இல்லை. விரிசலை அதன் உண்மையான ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வரைய ஆசைப்பட்டால் கட்டங்கள் 2,000 கோடியாகும், நேரப்படி அறுநூறில் ஒரு பங்காகச் சுருங்கும். விரிசலைத் தாவல் பரப்பாக எழுதியதன் பலன் இங்கே கையில் கிடைக்கிறது. கோட்ஸும் ஷோன்பெர்க்கும் 1995இல் காட்டியபடி, விரிசல் கடந்துபோகும் கட்டங்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் அமுக்கத்தைச் சேர்த்த குணகங்களைக் கொடுத்தால் போதும். ஓரங்களில் அலையை விழுங்கும் எல்லை அடுக்கு போட மறந்தால் படத்தின் ஓரத்திலிருந்து வரும் எதிரொலியை டைக் என்று நினைத்துக்கொள்வீர்கள். பாறைத் துண்டுகள் பெயர்ந்து விழும் அளவுக்கு வெடிக்குப் பக்கத்தில் போகிறீர்கள் என்றால் பீட்டர் கண்டால் 1971இல் தொடங்கிய தனித்துண்டு முறைதான் வேண்டும். உங்கள் ப்ராஜெக்டுக்கு அது தேவைப்படாது.

குவாரி வெடியைப் பற்றி ஒரு வார்த்தை, ஊரில் இதை வைத்துத்தான் சண்டை வருகிறது. விரிசல் பாறை அதிர்வை வடிகட்டிவிடும், அதனால் வீடுகளுக்குப் பாதகமில்லை என்று சிலர் சொல்வார்கள். வடிகட்டப்படுவது உயர் அதிர்வெண். மிஞ்சி வருவது தாழ் அதிர்வெண். வீடுகளை அதிகம் ஆட்டுவது இந்தத் தாழ் அதிர்வெண்தான். சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997 சுற்றறிக்கையே குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத குடியிருப்புகளுக்கு 25 ஹெர்ட்ஸுக்கு மேல் வினாடிக்கு 15 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே 5 மட்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. அதிர்வின் உச்ச வேகத்தை அளப்பவர் அதன் அதிர்வெண்ணையும் சேர்த்து எழுதாவிட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் தீர்மானிக்க முடியாது. விரிசல் வரிசைக்கு இணையான திசையில் இருக்கும் குடியிருப்பும் குறுக்கே இருக்கும் குடியிருப்பும் ஒரே தூரத்தில் இருந்தாலும் ஒரே அதிர்வைப் பெறாது. இரு பக்கமும் அளக்க வேண்டும்.

கடைசியாகப் போர். 24 ஜியோபோனை 5 மீட்டர் இடைவெளியில் வைத்துச் சம்மட்டி அடித்து எடுக்கும் விலகல் முறை (அடியில் உள்ள வேகமான அடுக்கில் வளைந்து ஓடித் திரும்பும் அலையின் வருகை நேரத்தை அளப்பது), கேசிங் எத்தனை அடி இறக்க வேண்டும் என்பதை, அதாவது மக்கிய பாறையின் ஆழத்தை, நன்றாகவே சொல்லும். திடப் பாறைக்குள் 500 அடியில் இருக்கும் ஒற்றை விரிசலை அது சொல்லாது. வேகமான அடுக்குக்குக் கீழே மெதுவான அடுக்கு இருந்தால் விலகல் முறைக்கு அது கண்ணிலேயே படாது. தவிர 50 ஹெர்ட்ஸ் அலை ஒற்றை விரிசலை எப்படித் தாண்டிப் போகிறது என்று மேலே பார்த்தோம். மின்தடை அளவீட்டையும் சேர்த்துப் பாருங்கள், பக்கத்துப் போர்களில் எத்தனை அடியில் ஈரம் வந்தது என்று ரிக்காரரிடமும் கேட்டு எழுதுங்கள்.

அலையால் நிஜமாகவே செய்யக்கூடிய ஒன்றை உங்கள் ப்ராஜெக்டில் சேர்க்கச் சொல்வேன். ஒரே கோட்டை இருமுறை அளந்து பாருங்கள்: கோடையில், கிணறுகள் அடி தெரியும் மே மாதத்தில் ஒருமுறை, மழை முடிந்து நீர்மட்டம் ஏறிய டிசம்பரில் ஒருமுறை. ஜியோபோன்கள் அதே புள்ளிகளில், அடியும் அதே இடத்தில். பாறை மாறியிருக்காது, விரிசல்களும் மாறியிருக்காது. மேல்மண்ணின் ஈரத்தால் வரும் வித்தியாசத்தைக் கிட்டத்து ஜியோபோன்களை வைத்துக் கழித்துவிடுங்கள். குறுக்கலை நேரம் அப்படியே இருந்து நெட்டலை நேரம் மட்டும் குறைந்திருந்தால், அந்தப் பாதையில் உள்ள விரிசல்களுக்குள் தண்ணீர் வந்து போகிறது. இரண்டுமே மாறாவிட்டால் அவை ஆண்டு முழுவதும் ஒரே நிலையில் இருக்கின்றன: வறண்டோ, இறுகி மூடியோ, எப்போதும் நிறைந்தோ. அவற்றுள் எது என்பதை மே மாதத்து வேக விகிதம் 1.72க்கு மேலா கீழா என்று பார்த்துத் தொடங்குங்கள்.